நாற்பது கலனிலிருந்து நூற்றைம்பது கலனுக்கு

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் முருகைக்கற்களை, அதாவது உயிருள்ள பவளங்களை, வளர்ப்பவர்கள் பெரிய தொட்டிக்கு மாறுவதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் இடப்பற்றாக்குறைதான். கிளைவிட்டு வளரும் அக்ரோபோரா முருகை அயலிலுள்ள மொன்ரிபோரா முருகையைத் தொடத் தொடங்கிவிடும். யூபிலியா இரவில் தன் கொட்டும் இழைகளை நீட்டிப் பக்கத்திலிருப்பதை எரித்துவிடும். மீன்களுக்கு நீந்த நீளம் போதாது. இவை உண்மையான காரணங்களே. ஆயினும், ரொறன்ரோவில் பல ஆண்டுகள் நாற்பது கலன் தொட்டியொன்றைப் பராமரித்துவிட்டு அண்மையில் நூற்றைம்பது கலனுக்கு மாறிய எனக்கு, அம்மாற்றத்தின் முதற்பயன் வேறொன்றாகவே தெரிகிறது. நீரின் அளவு கூடும்போது அதற்குள் நிகழும் மாற்றங்கள் எல்லாம் மெதுவாகின்றன. ஏதோ சரியில்லை என்று காலையில் கண்டால், அளந்து பார்த்து, யோசித்து, மாலையில் திருத்துவதற்குப் பெரிய தொட்டி இடம்தருகிறது. சிறிய தொட்டி அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

கணக்கைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பழைய தொட்டி 36 அங்குல நீளமும் 18 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் கொண்டது. கல்லும் மணலும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் அதில் உண்மையாக நின்ற நீர் 130 லீற்றர் அளவே. புதியது 60 அங்குல நீளம், 24 அங்குல அகலம், 24 அங்குல உயரம். அதற்குக் கீழே நிற்கும், சம்ப் என்று நாங்கள் சொல்லும் துணைத்தொட்டியையும் சேர்த்தால், சுற்றியோடும் நீர் ஏறத்தாழ 600 லீற்றர். குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓடிக்கொண்டிருக்கும் ரொறன்ரோ வீடொன்றின் காற்று மிகவும் உலர்ந்திருக்கும். பழைய தொட்டியிலிருந்து ஒரு நாளில் 4 லீற்றர் ஆவியாகிப் போய், அதை ஈடுசெய்யாமல் விட்டால், உப்பு அங்கேயே தங்கிவிடுவதால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உவர்த்தன்மை 36ஐத் தாண்டிவிடும். புதிய தொட்டியிலிருந்து அதன் இருமடங்கான 8 லீற்றர் ஆவியானாலும் உவர்த்தன்மை 35.5ஐ எட்டாது. ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரைத் தானாகச் சேர்க்கும் கருவியை இரண்டு தொட்டிகளிலும் வைத்திருந்தேன். அக்கருவி ஒருநாள் நின்றுபோனால் என்னவாகும் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

முருகைக்கல் வளர்ப்பில் உவர்த்தன்மையைவிட அதிகக் கவனத்தைக் கேட்பது காரத்தன்மை, அதாவது நீரிலுள்ள காபனேற்று, இருகாபனேற்று ஆகியவற்றின் அளவு. முருகை உயிரி நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்து அரகோனைற் எனும் சுண்ணாம்புக் கனிமமாகத் தன் எலும்புக்கூட்டைக் கட்டுகிறது. யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் காணிகளைச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கும் அந்த வெண்சாம்பல் நிறக் கல்வேலிகள் இப்படிக் கட்டப்பட்ட பொருளால் ஆனவையே. தொட்டிக்குள்ளும் அதே வேலை இரவும் பகலும் நடக்கிறது. எனவே நாம் சேர்க்காவிட்டால் இரண்டு பொருள்களும் குறைந்துகொண்டே போகும். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் குறைவதாக நமக்குத் தெரிவதில்லை. லீற்றருக்கு 20 மில்லிகிராம் கல்சியம் எலும்புக்கூடாக மாறும்போது, டி.கே.எச். எனும் அலகில் காரத்தன்மை 2.8 குறைகிறது. கல்சியம் 420இலிருந்து 400க்கு இறங்குவது இருபதில் ஒரு பங்கு இழப்பு; முருகை அதைப் பெரிதாக உணர்வதில்லை. அதே வேளையில் காரத்தன்மை 8இலிருந்து 5.2க்கு விழுவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இழப்பு. கடல்நீரின் இயல்பான காரத்தன்மை ஏறத்தாழ 7 என்பதை நினைவிற் கொண்டால், 5.2 என்பது அக்ரோபோரா போன்றவற்றுக்கு எவ்வளவு ஆபத்தான நிலை என்பது புரியும். கல்சியத்தை அளந்து மனநிறைவு அடைவோர் பலரைக் கண்டிருக்கிறேன். முதலில் அளக்க வேண்டியது காரத்தன்மையே.

என் பழைய தொட்டியில் முருகைகள் நன்கு வளர்ந்திருந்த காலத்தில், காரத்தன்மை நாளொன்றுக்கு 1.2 டி.கே.எச். அளவு குறைந்துகொண்டிருந்தது. ஊட்டக்கரைசலைச் செலுத்தும் பம்பி ஒரு வாரவிறுதியில் அடைத்துக்கொண்டால், இரண்டு நாளில் 2.4 இறங்கிவிடும், கிளைமுனைகள் வெளுக்க அதுவே போதும். அதே முருகைகளை 600 லீற்றருக்குள் வைத்தபோது, அவை எடுத்துக்கொண்ட அளவு மாறவில்லை. நீரில் தெரிந்த வீழ்ச்சி மட்டும் நாளொன்றுக்கு 0.26 ஆகச் சுருங்கியது. இப்போது பம்பி இரண்டு நாள் நின்றாலும் வீழ்ச்சி அரை அலகுக்குச் சற்று மேல்தான்.

இந்த அவகாசம் நிரந்தரமானது அன்று. புதிய இடத்தில் முருகைகள் வளர வளர, நாமும் புதியவற்றைச் சேர்க்கச் சேர்க்க, அது கரையத் தொடங்கும். 600 லீற்றர் நீரில் மீண்டும் நாளொன்றுக்கு 1.2 அலகு குறையும் நிலை வந்தால், அதை ஈடுசெய்ய நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 கிராம் சோடியம் இருகாபனேற்று, அதாவது அப்பச்சோடா, தேவைப்படும். ஓராண்டுக்கு எட்டுக் கிலோகிராம் அளவு. அப்போது வீழ்ச்சியின் வேகம் பழைய தொட்டியில் இருந்ததேதான். செலவு மட்டும் நான்கரை மடங்கு. ஆகவே பெரிய தொட்டி கிடைத்த மகிழ்ச்சியில் முதல் ஆண்டிலேயே அதை நிரப்பிவிடுவது, மாறியதன் பயனை நாமே கைவிடுவதாகும் என்று உறுதியாக எண்ணுகிறேன்.

இனி, இவ்வளவு நீரை எங்கே வைப்பது என்பது. 150 கலன் கடல்நீரின் எடை மட்டும் 580 கிலோகிராமைத் தாண்டும். 15 மில்லிமீற்றர் கண்ணாடியின் எடை சதுர மீற்றருக்கு 37.5 கிலோகிராம் என்ற கணக்கில் வெறுந்தொட்டியே 130 கிலோகிராம் வரும். கல், மணல், தாங்குமேசை ஆகியவற்றையும் சேர்த்தால் 800 கிலோகிராமுக்கு மேல், ஒரு சதுர மீற்றரிலும் குறைந்த பரப்பின்மீது அமர்கிறது. ஒன்ராறியோவில் வீட்டுத் தளங்கள் 1.9 கிலோபஸ்கால் சுமைக்கு, அதாவது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 194 கிலோகிராமுக்கு, வடிவமைக்கப்படுகின்றன. அந்த எண் முழுத் தளத்திலும் பரவிய சுமையைக் குறிப்பது என்பதும், சுவரோரமாக உத்தரங்களுக்குக் குறுக்கே வைத்தால் மரத்தளம் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்பதும் உண்மையே. அவற்றை நம்பி வரவேற்பறையில் 800 கிலோகிராமை ஏற்றுவதற்கு முன் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரை அழைத்துக் காட்டுவது அவசியம். எங்கள் வீட்டில் பேஸ்மென்ற் எனப்படும் நிலவறையின் தளம் மண்மீது நேரடியாக ஊற்றப்பட்ட கொங்கிறீற்று. தொட்டி அங்கே போவதென்று முடிவானபோது எடை பற்றிய கவலை நீங்கியது. இடம் மாறியதால் இன்னொரு பெரிய வசதியும் கிடைத்தது: பழைய தொட்டி மேல்மாடியில் ஓடிக்கொண்டிருக்க, புதியதைக் கீழே ஆறுதலாக ஆயத்தம் செய்ய முடிந்தது. இரண்டு தொட்டிகளையும் சில மாதங்களேனும் ஒருங்கே ஓட்டக்கூடிய ஒருவர், ஒரே நாளில் எல்லாவற்றையும் வாளிகளில் இறக்கி மீண்டும் ஏற்றும் முறையைத் தெரிவுசெய்யவே கூடாது.

ஆயத்தத்தில் நீண்ட காலம் எடுத்தது நீர். ரொறன்ரோவின் குழாய்நீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது; குடிக்க நல்லது. ஆனால் கிருமிகளைக் கட்டுப்படுத்த அதில் குளோரமைன் இருக்கிறது. குளோரீன் மட்டும் இருந்தால் திறந்துவைத்த நீரிலிருந்து ஓரிரு நாளில் போய்விடும். குளோரமைன் அப்படிப் போவதில்லை. குழாய்நீரைத் தூய்மையாக்க நாங்கள் பயன்படுத்தும் வடிகட்டியிலுள்ள கரி அதை உடைக்கும்போது அமோனியா வெளிப்படுகிறது. அந்த அமோனியாவை அடுத்துள்ள மென்சவ்வும் அயன்மாற்றுப் பிசினும் பிடித்தாக வேண்டும். ஆகவே குளோரமைனுக்கென்று செய்யப்பட்ட கரியும், தேய்ந்ததும் தயங்காமல் மாற்றப்படும் பிசினும் இங்கே இன்றியமையாதவை. நாளொன்றுக்கு 75 கலன் தரும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் மென்சவ்வு, 25 பாகை செல்சியஸ் நீரில் அளக்கப்பட்டது. மாசி மாதத்தில் குழாயில் வரும் நீர் பனிக்கட்டிக்குச் சில பாகைகளே மேலிருக்கும். அப்போது அந்த மென்சவ்வு பாதியளவுகூடத் தராது. 600 லீற்றர் நீரைச் சேர்த்து, ஏறத்தாழ 22 கிலோகிராம் உப்புக்கலவையை அதிற் கரைத்து, உவர்த்தன்மையைச் சரிபார்ப்பதற்கு நினைத்ததைவிட நெடுநாள் ஆகும் என்பதைக் குளிர்காலத்தில் மாற விரும்புவோர் கணக்கிற் கொள்ள வேண்டும். உப்பிடுவதற்கு முன்பு தொட்டியை நன்னீரால் நிரப்பி ஒரு வாரம் கசிவு பார்த்தேன். குழாய்ப் பொருத்துகளில் ஏதேனும் ஈரம் தெரிந்தால் அந்த நிலையில் திருத்துவது எளிது.

தொட்டியின் உண்மையான வடிகட்டி கல்லே என்பதை இந்தத் துறையிலுள்ளவர்கள் அறிவார்கள். 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத்துண்டுகளையும் காற்றுக்குமிழிகளையும் கொண்டே முருகைகளை வீட்டுத் தொட்டியில் வாழவைத்துக் காட்டினார். அன்று வழக்கிலிருந்த பெரிய சரளைக்கல் வடிகட்டிகள் அவருக்குத் தேவைப்படவில்லை. அவருடைய முறை பரவலாக ஏற்றுக்கொள்ளப்படப் பல ஆண்டுகள் ஆயின. அது வெற்றிபெற்றதற்குக் காரணம், கல்லின் துளைகளுக்குள் வாழும் பக்ரீரியாக்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு கூட்டம் நைத்திரைற்றாகவும், இன்னொரு கூட்டம் அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. ஒட்சிசன் எட்டாத ஆழமான துளைகளில் வாழ்பவை நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை கல்லின் பரப்பில் ஒட்டி வாழ்கின்றன. நீரில் மிதப்பவை சொற்பமே. பழைய தொட்டியின் நீரைப் புதியதில் ஊற்றினால் பக்ரீரியா வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நீரால் வரும் பயன் மிகச் சிறிது. கல்லை இடம்மாற்றுவதே பக்ரீரியாவை இடம்மாற்றுவது.

இருப்பினும் நாற்பது கலன் தொட்டியிலிருந்த கல் நூற்றைம்பது கலனுக்குப் போதாது. புதிய கல்லாக, கடலிலிருந்து இப்போது எடுக்கப்படாத, நிலத்தில் வெட்டியெடுத்த உலர்ந்த தொல்முருகைப் பாறையைத் தெரிவுசெய்தேன். அதில் வேண்டாத நண்டுகளோ கண்ணாடி அனிமனிகளோ ஒளிந்து வரா. வாழும் பாறைத்தொடரிலிருந்து கல் பெயர்த்தெடுக்கும் வேலைக்கு நான் துணைபோகவில்லை என்ற நிறைவும் உண்டு. அதன் குறை, சில கற்களுக்குள் பொசுபேற்று பிணைந்திருப்பது. அது மாதக்கணக்கில் மெல்ல நீரில் இறங்கி அல்காவை வளர்க்கும். எனவே கற்களை நன்னீரில் நீண்டகாலம் ஊறவைத்து, நீரை மாற்றி, பொசுபேற்றை அளந்து, குறைந்தபின்பே உப்புநீருக்குள் இறக்கினேன். பின்னர் பழைய தொட்டியிலிருந்து இரண்டு கற்களை மட்டும் எடுத்துச் சென்று அவற்றின் நடுவில் வைத்தேன். கடையில் வாங்கிய அமோனியம் குளோரைட்டைச் சிறிதளவு சேர்த்து, அது ஒரு நாளுக்குள் மறைகிறதா என்று பார்ப்பதே தொட்டி ஆயத்தமாகிவிட்டதற்கான நம்பத்தகுந்த சோதனை. அமோனியா ஒரு நாளிலும், நைத்திரைற்று அதற்கடுத்த நாளிலும் மறையும்வரை ஓர் உயிரினத்தையும் உள்ளே விடவில்லை.

பழைய மணலைக் கொண்டுசெல்ல வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த மணற்படுக்கையின் அடியில் கழிவு திரண்டிருக்கும். ஒட்சிசன் இல்லாத ஆழத்தில் ஐதரசன் சல்பைட்டு தங்கியிருக்கும். அதைக் கிளறிப் புதிய நீரில் கொட்டுவது, ஆறுதலாக உருவாக்கிய சமநிலையை ஒரு மணித்தியாலத்தில் குலைப்பதாகும். மணலிலுள்ள பக்ரீரியாவும் சிறு புழுக்களும் மதிப்புடையவை என்போர் உண்டு. மேற்பரப்பில் ஒரு கோப்பையளவு எடுத்து விதைமணலாகத் தூவினால் அந்தப் பயனும் கிடைத்துவிடும்.

கற்களை இடம்மாற்றும்போது நம் உடல்நலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழில் இதை எவரும் எழுதியதாக நான் கண்டதில்லை. சோவாந்திட், பலிதோவா எனப்படும் பொத்தான் போன்ற உயிரிகள் பல தொட்டிகளில் செழித்து வளர்கின்றன; அவற்றுட் சிலவற்றில் பலிரொக்சின் எனும் மிகக் கொடிய நஞ்சு இருக்கிறது. அவை படர்ந்த கல்லைத் தூரிகையால் தேய்ப்பதும், அவற்றை அழிப்பதற்குக் கல்லைக் கொதிநீரில் இடுவதும், அந்த நஞ்சைத் துளிகளாகக் காற்றிற் பரப்பிவிடும். 2018ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஒக்ஸ்பட்ஷயரில், ஒரு வீட்டில் மீன்தொட்டிக் கல்லைச் சுத்தம் செய்தபோது வெளிப்பட்ட நஞ்சினால், வீட்டிலிருந்தவர்களும் உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களுமாகப் பத்துப் பேர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கல்லை ஒருபோதும் கொதிக்கவைக்காதீர்கள். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் அணியுங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கும் நாளில் அந்த வேலையைத் தள்ளிவையுங்கள். பிள்ளைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் அந்த அறைக்குள் விடாதீர்கள்.

முருகைகளைச் சிறு தொகுதிகளாகக் கீழே கொண்டுசென்றேன். வலிமையான மென்முருகைகள் முதலில், அக்ரோபோரா கடைசியில். ஒவ்வொரு தொகுதியும் இரண்டு வாரங்கள் நன்றாக விரிந்து நின்ற பின்னரே அடுத்தது. இரண்டு தொட்டிகளின் வெப்பநிலையையும் உவர்த்தன்மையையும் காரத்தன்மையையும் முன்கூட்டியே ஒன்றாக்கியிருந்ததால், துளித்துளியாக நீர் கலந்து பழக்கும் வேலை பெரிதாகத் தேவைப்படவில்லை. ஒளிக்குப் பழக்குவதே நீண்டது. முருகையின் திசுவுக்குள் வாழும் சூசாந்தெல்லா எனும் ஒருகல அல்காக்கள் ஒளியைக் கொண்டு உணவு செய்து, அதன் பெரும்பகுதியை முருகைக்குத் தருகின்றன. ஒளி திடீரென மிகுந்தால் அவை நச்சான ஒட்சிசன் சேர்மங்களை உண்டாக்க, முருகை அவற்றை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. புதிய தொட்டியின் ஆழம் 24 அங்குலம் என்பதால் விளக்குகளும் வலிமையானவை. முழு வலிமையில் அவை மேற்கற்களின்மீது 300 மைக்ரோமோலுக்கு மேற்பட்ட ஒளியையும் அடித்தளத்தில் 100 அளவையும் தருகின்றன. இந்தப் பொழுதுபோக்கில் என்னைவிட மூத்த ஓர் அண்ணர் தம் ஒளிமானியை இரவலாகத் தந்தார். பழைய தொட்டியில் ஒவ்வொரு முருகையும் பெற்றுவந்த அளவைக் குறித்துக்கொண்டு, புதியதில் அதே அளவு கிடைக்கும் இடத்தையும் விளக்கின் விழுக்காட்டையும் கண்டேன். அங்கிருந்து வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்தினேன். கண்ணால் பார்த்து ஒளியை மதிப்பிட முடியாது. நீல ஒளி நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் முருகைக்கு அது வலிமையானது.

புதிய கல் வைத்த தொட்டி சில மாதங்கள் அழகற்றே இருக்கும். முதலில் பழுப்பு நிறத் தயற்றங்கள், பின்னர் பச்சை நூல் அல்கா, சில வேளைகளில் குமிழிகளோடு கூடிய சளிபோன்ற டைனோபிளாஜெலேற்றுகள். நீரைத் தூய்மையாக்கிக்கொண்டே போனால் இவை ஒழிந்துவிடும் என்று தோன்றும்; டைனோபிளாஜெலேற்றுகளைப் பொறுத்தவரை நடப்பது அதற்கு மாறானது. நைத்திரேற்றும் பொசுபேற்றும் பூச்சியத்துக்கு இறங்கி, போட்டியிடும் ஏனைய உயிர்கள் பட்டினி கிடக்கும்போதே அவை மேலோங்குகின்றன. நைத்திரேற்றை லீற்றருக்கு 5 மில்லிகிராம் அருகிலும் பொசுபேற்றை 0.05 அருகிலும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தேவைப்பட்டபோது மீன்களுக்குக் கூடுதலாக உணவிட்டேன். பொறுமையைத் தவிர இங்கே விலைக்கு வாங்கக்கூடிய மருந்தெதுவும் எனக்குத் தெரியாது.

கனடாவின் குளிர்காலத்துக்கே உரிய ஒரு சிக்கல் பி.எச். எனப்படும் கார அமில எண்ணிலே வெளிப்படுகிறது. சன்னல்களை இறுக மூடிய வீட்டில் நம் மூச்சும் எரிவாயு அடுப்பும் சேர்ந்து காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பத்து இலட்சத்துக்கு ஆயிரம் பங்குக்கும் மேலாக உயர்த்திவிடும்; வெளியே அது 420 அளவே. உட்காற்றின் காபனீரொட்சைட்டு தொட்டிநீரில் கரைந்து, 8.2 அளவில் இருக்க வேண்டிய பி.எச்.ஐ 7.9க்கு இறக்குகிறது, முருகையின் சுண்ணாம்பு கட்டும் வேகமும் குறைகிறது. இதைக் காரக்கரைசல் ஊற்றித் திருத்த முயல்வது தவறு. அது காரத்தன்மையை ஏற்றிவிடும், காரணத்தைத் தொடாது. புரதக்கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் மிகுந்த காற்றை உள்ளிழுக்கும் கருவி. அதன் காற்றுக்குழாயைச் சுவரினூடே வெளியே எடுத்துச் சென்றபோது பி.எச். உயர்ந்தது. அதே சுவரில் இருந்த காற்றோட்டக் கருவியைச் சீராக ஓட்டியதால், நாளொன்றுக்கு ஆவியாகும் லீற்றர்கணக்கான நீர் சன்னல்களில் படிந்து பூஞ்சணம் பிடிப்பதும் தவிர்க்கப்பட்டது.

மின்தடை பற்றி எழுதாமல் இந்த நகரத்தில் தொட்டியைப் பற்றி எழுத முடியாது. 2013 மார்கழியில் வீசிய பனிமழைப் புயலின்போது ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின்னிணைப்புகள் துண்டிக்கப்பட்டன. நத்தார் நாள் கடந்தும் பல வீடுகளுக்கு மின்சாரம் திரும்பவில்லை. குளிரினால் மீன்கள் மடியும் என்பதே எல்லோருக்கும் வரும் முதல் அச்சம். அதற்கு முன்பே ஒட்சிசன் தீர்ந்துவிடும். 26 பாகை வெப்பமுள்ள கடல்நீர் லீற்றருக்கு 7 மில்லிகிராமுக்கும் குறைவான ஒட்சிசனையே தாங்கும். நீரோட்டம் நின்று, விளக்கும் அணைந்தால், மீன்களும் முருகைகளும் பக்ரீரியாக்களும் சேர்ந்து அதைச் சில மணித்தியாலங்களில் குறைத்துவிடும். பற்றரியில் ஓடும் சிறு நீரோட்டப் பம்பி ஒன்று, மின்பிறப்பாக்கியைத் தேடும்வரை போதிய காலம் தரும். வெப்பத்தில் பெரிய தொட்டிக்கு நன்மை அதிகம்: 600 லீற்றர் நீர் ஒரு பாகை குளிர வெளியேற வேண்டிய வெப்பம் 0.7 கிலோவாற்றுமணிக்கு அருகில். பழைய தொட்டிக்கு அது 0.15 மட்டுமே. போர்வைகளால் மூடினால் இன்னும் தாமதமாகும். வெப்பமூட்டியை ஒன்றாக வாங்காமல் 300 வாற்று அளவில் இரண்டாக வாங்கினேன். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் அதனால் மட்டும் இவ்வளவு நீரை விரைவில் சூடாக்கிவிட முடியாது. மின்சாரம் நிற்கும்போது மேற்றொட்டியின் நீர் வழியும் மட்டம்வரை கீழே இறங்கும் என்பதையும் கணக்கிட வேண்டும்: இந்தப் பரப்பில் 2 சென்ரிமீற்றர் இறங்கினாலே 18 லீற்றருக்கு மேல் சம்பிற்குள் வரும். அதற்குரிய வெற்றிடம் சம்பில் எந்நேரமும் இருந்தாக வேண்டும். தொட்டியில் மீன் விடுவதற்கு முன்பே மின்சாரத்தை வேண்டுமென்று நிறுத்திப் பார்த்தேன்.

மீன்களைப் பொறுத்தவரை, ஐந்தடி நீளம் கிடைத்ததும் எல்லோருக்கும் நினைவில் வருவது மஞ்சள் ராங் மீன். ஹவாயைச் சேர்ந்த இந்த மீன் பாறை நெடுகிலும் ஓயாமல் மேய்ந்து திரிவது. மூன்றடித் தொட்டியில் அதை வைப்பது அதற்கு இழைக்கும் கொடுமை. நெடுங்காலம் கடலிலிருந்து பிடிக்கப்பட்டவையே விற்பனைக்கு வந்தன. 2015இல் ஹவாயிலுள்ள ஓஷியானிக் இன்ஸ்ரிரியூற் ஆய்வாளர்கள் முதன்முறையாக அதை முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். அதன் பின்னர் வளர்ப்புக் குஞ்சுகள் சந்தைக்கு வரத் தொடங்கின. விலை கூடுதல்தான், ஆயினும் பெரிய தொட்டிக்கு இவ்வளவு செலவிடும் ஒருவர் அந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. முருகைகளிலும் அப்படியே. கல்முருகைகள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கைக்கு உட்பட்டவை. 2018இல் இந்தோனேசியா முருகை ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்குள்ள கடைகளின் தொட்டிகள் வெறுமையாகின. பொழுதுபோக்காளர்கள் தமக்குள் வெட்டித்துண்டுகளைப் பகிர்ந்து வளர்த்தவை மட்டும் குறையவில்லை. 2024 சித்திரையில் உலகின் நான்காவது பெரும் முருகை வெளிறல் அறிவிக்கப்பட்ட பிறகு, கடலிலிருந்து எடுத்த ஒரு முருகையைக்கூடப் புதிதாக வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. என் தொட்டியிலுள்ள எல்லாமே இன்னொருவரின் தொட்டியில் வளர்ந்ததன் துண்டுகள். இனிமேல் என்னிடமிருந்தும் துண்டுகள் போகும். அதற்கென்றே சம்பின் ஓரத்தில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன்.

பழைய நாற்பது கலன் தொட்டியை விற்கவில்லை. கல்லில்லாத அந்தத் தொட்டி இப்போது புதிதாக வரும் மீன்களைத் தனிமைப்படுத்தும் இடம். கிரிப்ரோகாரியோன் எனும் வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி ஒருமுறை 600 லீற்றர் தொட்டிக்குள் புகுந்தால், எல்லா மீன்களையும் பிடித்து வெளியே எடுத்து, தொட்டியை ஏறத்தாழ 76 நாட்கள் மீனின்றி விட வேண்டும் என்பதே பொழுதுபோக்காளர்களிடையே நிலைபெற்ற விதி. ஐந்தடிக் கற்குவியலுக்குள் ஒளியும் ஒரு மீனை, முருகைகளைக் குலைக்காமல் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்கள் தனிமைப்படுத்தலை ஒருபோதும் தவிர்க்க மாட்டார்கள். வளர்ப்பில் பிறந்த மஞ்சள் ராங் குஞ்சொன்று இப்போது மேலே அந்தத் தொட்டியில் இருக்கிறது. நோய்க்குறி எதுவுமின்றி அது தன் காலத்தை முடித்ததும் கீழே வரும். அதற்கடுத்து, காரத்தன்மையின் தினசரி வீழ்ச்சி அரை அலகைத் தாண்டும்வரை வேறெதையும் சேர்ப்பதாக இல்லை. தாண்டியபின், ஊட்டக்கரைசல்களைத் தொடர்வதா, காபனீரொட்சைட்டால் அரகோனைற்றைக் கரைத்து ஊட்டும் கல்சிய உலைக்கு மாறுவதா என்பதை அப்போதைய அளவீடுகளை வைத்து முடிவுசெய்வேன்.